பட்டவராயனுக்கு ஒரு ஜோடி செருப்பு

பங்குனி உத்திரம் என்றால் மற்ற ஊர்களில் முருகனுக்குக் காவடி, பால்குடம், திருக்கல்யாணம். நம்ம தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்தில் அது சாஸ்தாங்கோயிலுக்குப் போகிற நாள். அனுமன் நதிக்கரையில் பாலசுப்பிரமணிய சுவாமி குடியிருக்கிற ஆய்க்குடியிலேயே அன்றைக்குப் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். விடியும் முன்னாலேயே வேனிலும் காரிலும் பைக்கிலும் கிளம்பிப் போயிருப்பார்கள். சீர்காழி கேசட்டும் சமையல் பாத்திரமும் ஏற்றிய வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நான் சிறுவனாக இருந்தபோது அது மாட்டு வண்டி. முந்தின நாளே புறப்பட்டுவிடுவோம்.

இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் சென்னையிலும் பெங்களூரிலும் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். குலதெய்வம் வேறு, இஷ்ட தெய்வம் வேறு. இஷ்ட தெய்வத்தை நாம் தேர்ந்துகொள்ளலாம். சாஸ்தாவை அப்படித் தேர்ந்துகொள்ள முடியாது. அப்பா வழியில், தாத்தா வழியில் வருவது. கல்யாணம் ஆனதும் பெண் தன் வீட்டுச் சாஸ்தாவை விட்டுவிட்டு, புருஷன் வீட்டுச் சாஸ்தாவுக்கு வந்துவிடுவாள். சிலருக்குக் கற்குவேல் அய்யனார், சிலருக்கு அருஞ்சுனை காத்த அய்யனார், சிலருக்கு ஏதோ ஒரு குளத்தங்கரையில் பெயர்ப்பலகைகூட இல்லாத சாஸ்தா. ஒரே சாஸ்தாவுக்கு நாலைந்து சாதிக் குடும்பங்கள் வரும். வருஷம் முழுக்க ஒருவர் வீட்டுப் படியை இன்னொருவர் மிதிக்காதவர்கள், அன்று ஒருநாள் ஒரே மரத்தடியில் அடுத்தடுத்து அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பார்கள்.

எங்களுக்குச் சொரிமுத்து அய்யனார். பாபநாசத்துக்கு மேலே, காரையாறு பக்கத்தில், காட்டுக்குள்ளே தாமிரபரணிக் கரையில் இருக்கிறார். சாஸ்தாக்களுக்கெல்லாம் மூத்தவர் என்று சொல்வார்கள். ஆய்க்குடியிலிருந்து தென்காசி, கடையம், ஆழ்வார்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் போய், வனத்துறை சோதனைச் சாவடியில் நின்று, பிளாஸ்டிக் பையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு மேலே ஏற வேண்டும். புலிகள் காப்பகம் என்பதால் இந்தக் கெடுபிடி. 2019இல் தென்காசி தனி மாவட்டம் ஆனபிறகு, எங்கள் சாமி வேறு மாவட்டத்தில், திருநெல்வேலியில் இருக்கிறார். சாமிக்கு அது தெரியுமோ என்னவோ, எங்கள் வீட்டு அத்தை இன்னும் எல்லாவற்றையும் திருநெல்வேலி ஜில்லா என்றுதான் சொல்கிறாள்.

அந்தக் கோயிலுக்குக் கூட்டம் நெரிவது ஆடி அமாவாசையில். லட்சக்கணக்கில் சனம் வரும், குடில் போட்டு நாட்கணக்கில் தங்கும். சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதம் காலமாகும் வரை, அந்தத் திருவிழாவில் ராஜ உடையில் தர்பாரில் அமர்ந்து காட்சி கொடுத்தார். நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் குடும்பத்துக்கு வழக்கம் பங்குனி உத்திரம்தான். வெயில் ஏறியிருந்தாலும் ஆற்றில் தண்ணீர் இருக்கும். நின்று நிதானமாகக் கும்பிடலாம். குரங்குகளிடமிருந்து வாழைப்பழத்தைக் காப்பாற்றினால் போதும்.

அய்யனார் பூர்ணை, புஷ்கலையோடு நடுவில் இருப்பார். அவரைச் சுற்றி ஒரு ஊரே இருக்கிறது. மகாலிங்கம், சங்கிலி பூதத்தார், பிரம்மராட்சசி, தளவாய் மாடன், தூசி மாடன், கரடி மாடன், பேச்சி. சங்கிலி பூதத்தார் முன்னால் இரும்புச் சங்கிலியை எடுத்து மார்பில் அடித்துக்கொள்வார்கள். மணி கட்டுகிற இலுப்பை மரம் ஒன்று உண்டு. கட்டிய மணியை மரம் வளர வளர உள்ளே வாங்கிக்கொள்ளும். அதனால் அதற்கு மணி விழுங்கி மரம் என்று பெயர். சின்ன வயதில் என்னை அங்கிருந்து இழுத்து வருவது பெரிய பாடு.

இவர்கள் எல்லோரிலும் ஒருவருக்கு மட்டும் காணிக்கை வித்தியாசம். பட்டவராயன். பக்கத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்று இரண்டு பெண்கள். அவர் சன்னிதியில் தோல் செருப்புகள் கிடக்கும். புதுச் செருப்பு, வாரும் குமிழும் வைத்தது. வேண்டிக்கொண்டவர்கள் கொண்டுவந்து வைப்பது. கோயில் என்றால் செருப்பை வாசலில் விட வேண்டும் என்று பழகிய பிள்ளை, சாமிக்கே செருப்பைப் பார்த்தால் திகைக்காமல் என்ன செய்யும்? அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் அந்தச் செருப்பின் அடி தேய்ந்திருக்கும், சேறு ஒட்டியிருக்கும், பட்டன் ராத்திரியில் அதைப் போட்டுக்கொண்டு காடு காக்கப் போகிறான் என்று ஆச்சி சொல்வாள்.

பட்டவராயன் என்று நாம் கும்பிடுகிறவர்தான் வில்லுப்பாட்டில் வரும் முத்துப்பட்டன். கதை பெரியது. ஒரு ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

முத்துப்பட்டன் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவன். ஏழு அண்ணன் தம்பிகளில் கடைசி. வீட்டாரோடு மனக்கசப்பாகி மலையாளத்துப் பக்கம் போய் ஒரு ராஜாவிடம் சேவகம் பார்க்கிறான். அண்ணன்மார் தேடிப் போய், கல்யாணம் பண்ணி வைக்கிறோம் என்று திரும்பக் கூட்டி வருகிறார்கள். வருகிற வழியில் காட்டில் இரண்டு பெண்களின் பாட்டுச் சத்தம் கேட்கிறது. பொம்மக்காவும் திம்மக்காவும். அவர்கள் அப்பா வாலப்பகடை. மாடு காக்கிறவர், தோல் வேலை செய்கிற குலம், இன்றைய சொல்லில் அருந்ததியர். பட்டன் அந்தப் பெண்களைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான்.

கதையில் எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருவதுதான். பிராமணன் பெண் கேட்கிறான் என்று வாலப்பகடை பூரித்துப் போய்விடவில்லை. நம்பவும் இல்லை. அவர்தான் நிபந்தனை போடுகிறார். குடுமியை எடுக்க வேண்டும், பூணூலை அறுக்க வேண்டும், எங்களைப் போலத் தோல் எடுத்துச் செருப்புத் தைக்க வேண்டும், அதற்குப் பிறகு பேசலாம் என்கிறார். அண்ணன்மார் தடுத்துப் பார்க்கிறார்கள். பட்டன் எல்லாவற்றையும் செய்கிறான். தைத்த செருப்பைக் கொண்டுவந்து மாமனார் முன்னால் வைக்கிறான். கல்யாணம் நடக்கிறது.

கல்யாண வீட்டு வாசனை போகும் முன்னாலேயே மாடு களவு போகிறது. மாமனாரின் மாட்டை மீட்க மருமகன் போகிறான். களவாடிய கூட்டத்தை வெட்டி விரட்டுகிறான். எல்லாம் முடிந்தது என்று இருக்கும்போது ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்துகிறான். பொம்மக்காவும் திம்மக்காவும் சிங்கம்பட்டி அரசரிடம் போய் உத்தரவு வாங்கி, அவன் சிதையிலேயே இறங்குகிறார்கள். மூன்று பேரும் அய்யனார் கோயிலில் இடம் பெற்றது அப்படித்தான்.

நான் இதை முழுசாகக் கேட்டது பத்துப் பன்னிரண்டு வயதில், பக்கத்து ஊர்க் கொடை ஒன்றில். பெட்ரோமாக்ஸ் விளக்கு, மணி கட்டிய வில், கவிழ்ந்து விழாமல் வைக்கோல் பிரிமனையில் உட்காரவைத்த குடம், உடுக்கை. அண்ணாவி வீசுகோலால் தட்டிப் பாட, பின்னால் இருப்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கல்யாணக் கட்டம் வரை சிரிப்பும் கேலியும். செருப்புத் தைக்கத் தெரியாமல் பட்டன் ஊசியால் விரலைக் குத்திக்கொள்வதை நடித்துக் காட்டுவார். குத்துப்பட்டு விழுகிற கட்டம் வந்ததும் பாட்டின் நடையே மாறிவிடும். அந்த இடத்தில்தான் கோமரத்தாடிக்குச் சாமி வரும். அதுவரை கதையில் இருந்தவன் செத்த நிமிஷத்தில் தெய்வமாகி நம்ம முன்னால் வந்து நிற்பான். சரியாக அந்த இடத்தில் ஏன் என்று அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. நம்ம பக்கத்தில் மாடனாகவும் அம்மனாகவும் நிற்பவர்களில் பலர், அநியாயமாகச் செத்தவர்கள். வாழ்ந்து முடித்தவர்களை முன்னோர் என்போம். முடிக்க விடாமல் செய்யப்பட்டவர்களைத் தெய்வம் என்போம்.

இது நம்ம பக்கத்தில் மட்டும் இருக்கிற பழக்கம் என்று நினைத்திருந்தேன். என் மருமகன் சில வருஷம் ஜப்பானில் வேலை பார்த்தார். பிப்ரவரி 25 அன்று கியோட்டோவில் ஒரு கோயில் திருவிழாவிலிருந்து படம் அனுப்பினார். குளிர் முடிந்து வசந்தம் தொடங்குகிற காலம், பிளம் மரம் பூத்துக் கிடக்கிறது, சனம் வரிசையில் நிற்கிறது. என்ன சாமி என்று கேட்டேன். சாமி இல்லை மாமா, ஒரு மந்திரி என்றார். சுகவாரா நோ மிச்சிசானே என்ற பெரிய படிப்பாளி. அரண்மனையில் வேண்டாதவர்கள் கோள் சொல்லி 901இல் அவரைத் தூரதேசத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயே 903இல் மனம் நொந்து செத்தார். அதற்குப் பிறகு அவரைக் கெடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 930இல் அரண்மனையில் இடி விழுந்து ஆட்கள் செத்தார்கள். பயந்துபோய் அவரையே தெய்வமாக்கிக் கோயில் கட்டிவிட்டார்கள். இப்போது பரீட்சை எழுதும் பிள்ளைகள் அவரிடம்தான் வேண்டிக்கொள்கிறார்கள். அவருக்குப் பிளம் மரம் உயிர் என்பதால், செத்த நாளில் பிளம் பூ விழா.

படித்தவருக்குப் பூவும் பட்டனுக்குச் செருப்பும் என்று யோசித்துக்கொண்டேன். செத்தவர்களுக்கு எது பிடிக்குமோ அதைத்தானே வைக்கிறோம். திவசத்துக்கு அப்பாவுக்குப் பிடித்த பலகாரத்தை இலையில் வைப்பது மாதிரி.

ஆனால் முத்துப்பட்டன் கதையில் ஒரு சங்கதி இருக்கிறது. என் ஆச்சி சொன்ன கதைக்கும், கொடையில் நான் கேட்ட கதைக்கும் ஒரு இடத்தில் ஒத்துவராது. ஆச்சி கதையில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற பிள்ளைகள். கொடையில் பாடியவர் கதையில் அவர்கள் காட்டில் கிடந்த பிராமணக் குழந்தைகள், பகடை எடுத்து வளர்த்தவர் மட்டும். அப்படியானால் பட்டன் கட்டியது தன் குலத்துப் பெண்களைத்தான், ஒரு குற்றமும் இல்லை, எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தார். மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் அதை வெளியிட்டது. இந்த ஒட்டு பிற்பாடு சேர்த்தது, கதையின் கூர்மையை மழுக்குவதற்காகச் சேர்த்தது என்று அவர் எடுத்துக்காட்டினார். தபால் ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில் அதைப் படித்தபோது, எழுதப்படிக்கத் தெரியாத என் ஆச்சி சரியான பிரதியை வைத்திருந்தாள் என்று சந்தோஷப்பட்டேன்.

பாட்டை மாற்றியவர்களுக்கு ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை. செருப்பை. பட்டவராயனுக்கு யாரும் பூணூல் கொண்டுபோய்ச் சாத்தி வேண்டிக்கொண்டதாக நான் கேட்டதில்லை. அவர் பிறப்பில் கிடைத்ததை யாரும் கொண்டுபோவதில்லை. அவர் கை தைத்ததைத்தான் கொண்டுபோகிறோம். பாடுகிறவர் எப்படிப் பாடினாலும் காணிக்கை கதையைச் சரியாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறது.

இனி எங்கள் வீட்டுச் சமாச்சாரம்.

சாஸ்தாங்கோயிலுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமான ஒவ்வொரு ஆம்பிளையும் ஒரு தலைக்கட்டு. வரி போட்டுத்தான் படைப்பு, பொங்கல், வேன் வாடகை எல்லாம். வரி கொடுத்தவர் பெயரைச் சொல்லித்தான் பூசை, பிரசாதத்தில் பங்கும் அந்தக் கணக்கில்தான். எங்கள் வரி நோட்டு 1958இல் என் அப்பா தொடங்கியது. முதல் பக்கத்தில் தலைக்கட்டுக்கு ஒரு ரூபாய். இப்போது ஆயிரம். 36 வருஷம் தபால் துறையில் கணக்குப் பார்த்தவன் என்பதால், அப்பாவுக்குப் பிறகு நோட்டு என்னிடம் வந்தது.

அந்த நோட்டில் 1964ஆம் வருஷப் பக்கத்தில் ஒரு பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கிறது. அப்பா கை. அடிக்கோடு நேராக, ஸ்கேல் வைத்துப் போட்டது. எங்கள் சின்னத்தாத்தா மகன். வேறு சாதியில் கட்டிக்கொண்டு பம்பாய் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் பெயரை வீட்டில் யாரும் எடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை, கேட்கிற வயதும் அல்ல.

2011இல் ஒரு நாள் மத்தியானம், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆளும் அவர் தங்கச்சியும் வாசலில் வந்து நின்றார்கள். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஆய்க்குடி, எங்கள் தாத்தா பெயர், அவ்வளவுதான். தங்கச்சிக்குக் குழந்தை தங்கவில்லை, ஜோசியர் குலதெய்வத்தைக் கும்பிடச் சொன்னார், எங்கள் அப்பா சாகும்வரை அதைச் சொல்லவில்லை, எங்கள் சாஸ்தா யார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்தவரின் பிள்ளைகள்.

இந்தப் பக்கத்தில் இப்படிச் சாஸ்தாவைத் தேடி வருகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் உள்ளே கூப்பிட்டு, மோர் கொடுத்து, சொரிமுத்து அய்யனார் என்று சொன்னேன். நோட்டையும் காட்டினேன். அந்த ஆள் அப்பா பெயரை விரலால் தடவிப் பார்த்தார். கோட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண்தான் அழுதாள். மறுநாள் காரில் நானே கூட்டிப்போய்க் கும்பிட வைத்தேன். போகும்போது வரி எவ்வளவு என்று கேட்டார்கள். பங்காளிகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் பேச்சை மாற்றினார்கள். முடிவு வருவதற்குள் அவர்கள் போன் நம்பர் மாறிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே சோதனை வீட்டுக்குள்ளேயே வந்தது. காலமாகிவிட்ட என் தம்பியின் மகன் கூட வேலை பார்த்த பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். வேறு சமூகம். நல்ல பெண். ஆண் குழந்தை பிறந்தது. சாஸ்தாங்கோயிலில் முதல் முடி இறக்கணும் பெரியப்பா, வரி எவ்வளவுன்னு சொல்லுங்க என்று போன் பண்ணினான்.

பங்குனி பிறந்ததும் வழக்கம்போல எங்கள் வீட்டுத் திண்ணையில் பங்காளிகள் கூட்டம். எனக்கு அண்ணன் முறையாகிற ஒருவர்தான் ஆரம்பித்தார். "வரட்டும், கும்பிடட்டும், யாரு வேண்டாங்கா? ஆனா வரி வாங்கப்படாது தம்பி. வரி வாங்கிட்டா தலைக்கட்டாயிரும். நாளைக்கு எங்க வீட்டுப் பிள்ளையளுக்கு நான் என்ன பதில் சொல்ல?" இரண்டு பேர் ஆமா போட்டார்கள். இளவட்டங்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் நோட்டை விரித்து 1964ஆம் பக்கத்தைக் காட்டினேன். "அண்ணே, இந்தக் கோட்டைப் போட்டாரு எங்க அப்பா. ஐம்பது வருஷம் கழிச்சு அந்தப் பிள்ளைய சாமி பேரு தெரியாம வாசல்ல வந்து நின்னுச்சு. இன்னொரு கோடு என் கையால போட மாட்டேன். நீங்க வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்றேன். அண்ணன் எழுந்து துண்டை உதறினார். அது என் நோட்டா, குடும்பத்து நோட்டா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலுக்கு நானும் சத்தம் கொடுத்தேன்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அத்தை அப்போதுதான் பேசினாள். அப்பாவின் தங்கை. 86 வயது. காது பாதிதான் கேட்கும், ஆனால் இந்த மாதிரிப் பேச்சு மட்டும் முழுசாகக் கேட்டுவிடும். "ஏல, பட்டனுக்குச் செருப்பு வச்சுக் கும்பிடப் போறீயளே, அவன் எந்த வரியில இருந்தானாம்?" என்றாள்.

திண்ணையில் யாரும் பேசவில்லை. இதோடு எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. "அது சாமி, இது நாம" என்றார் அண்ணன். யோசித்துப் பார்த்தால், அவர் சொன்ன அந்த நாலு வார்த்தையில்தான் நம்ம ஊர் முழுக்க அடங்கியிருக்கிறது. செத்துத் தெய்வமானவன் செய்ததை இருநூறு வருஷப் பாட்டாகக் கேட்டுக் கண்ணீர் விடுவோம். உயிரோடு இருக்கிற பிள்ளை அதைச் செய்தால் நோட்டில் இடம் இல்லை. செருப்பைச் சாமி முன்னால் வைக்கலாம், தைத்தவரைத் திண்ணையில் உட்காரவைக்க யோசிப்போம்.

நான் தம்பி மகன் பெயரை எழுதினேன். ஆயிரம் ரூபாய் வரவு வைத்தேன். அந்த வருஷம் அண்ணனும் அவர் பிள்ளைகளும் எங்கள் வேனில் வரவில்லை, தனி வண்டியில் வந்து தனி அடுப்பு வைத்தார்கள். எங்கள் அடுப்புக்கும் அவர் அடுப்புக்கும் இருபது அடி இருக்கும். முடி இறக்கும்போது குழந்தை வீறிட்டு அழுத அழுகையில் அண்ணன் வீட்டு மதினி ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியது அவள்தான். அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷமும் தனி அடுப்புத்தான். ஆனால் நல்லெண்ணெய் தீர்ந்துபோய் எங்களிடம் கேட்டு ஆள் அனுப்பினார். ஆற்றங்கரையில் இருபது அடி பெரிய தூரமில்லை.

அந்த வருஷம் அம்பாசமுத்திரத்தில் ஒரு ஜோடி தோல் செருப்பு வாங்கிக்கொண்டு போனோம். தம்பி மகனின் வேண்டுதல். அந்தப் பெண் கையில் ஏந்திக்கொண்டு நடந்தாள். கோயிலுக்குள்ளே செருப்பைக் கொண்டுபோகலாமா மாமா என்று ரகசியமாகக் கேட்டாள். கதையைச் சொன்னேன். ஆச்சி சொன்ன மாதிரியே.

என் பேத்தி பத்தாம் வகுப்பு. அவளும் கூட நடந்தாள். கதை முழுக்கக் கேட்டுவிட்டு, "தாத்தா, அவரு அவங்களுக்காகப் பூணூலை அறுத்தாரு, சரி. அந்த ரெண்டு பேரும் ஏன் தீயில இறங்கணும்? மாடு மேச்சுப் பிழைச்சவங்கதானே, அப்பா வீட்டுலேயே இருந்திருக்கலாமே" என்றாள். அறுபது வருஷமாக இந்தக் கதை எனக்குத் தெரியும், அந்த இடத்தில் நான் நின்றதே இல்லை. கதைக்காரர் பட்டனை எவ்வளவு தூரம் கொண்டுபோனாலும், பெண்களை அந்தக் காலத்து வழக்கத்திலேயே விட்டுவிட்டார். அவள் பொம்மக்காவுக்கும் திம்மக்காவுக்கும் தனியாக இரண்டு கட்டு மல்லிகைப்பூ வாங்கி வைத்தாள். செருப்பு வாங்கியவர்கள் வரிசையில் பெண்களுக்கென்று எதுவும் வாங்கி வந்தவள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

நோட்டு இப்போது நைந்துவிட்டது. தம்பி மகன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்கிறான். 1964ஆம் வருஷத்துப் பெயரை அடிக்கோடு இல்லாமல் ஏற்றவா என்று கேட்டான். பெயரையும் ஏற்று, கோடு போட்டிருந்த விவரத்தையும் ஓரத்தில் எழுது, அவர் பிள்ளைகள் 2011இல் வந்து கும்பிட்டுப் போனதையும் எழுது என்றேன். பம்பாயிலிருந்து மறுபடி யாராவது வந்தால் மூன்றும் தெரிய வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு வரி நோட்டு இருக்கும். உத்திரத்துக்கு முன்னால் இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். அடித்த பெயர் இருந்தால், அது யார், எங்கே போனார், அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்குச் சாஸ்தா பெயரைச் சொல்லுங்கள், சுற்றி நிற்கிறவர்கள் கதையையும் சொல்லுங்கள். சொரிமுத்து அய்யனாருக்கு வருகிறவர்கள் துணிப்பை கொண்டு வாருங்கள், பாலித்தீன் பையைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். பட்டவராயனுக்குச் செருப்பு வேண்டியிருந்தால் கீழேயே வாங்கிவிடுங்கள். போகிற வழியில் இரண்டு கட்டு மல்லிகையும்.